அசென்ஷன் தீவில் சீமைக்கருவை: பிடுங்குவதா, விடுவதா?

முகவைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். நேற்றிரவு பேராமைகள் முட்டையிடும் கடற்கரைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அட்லாண்டிக் கடலின் நட்டநடுவில் அசென்ஷன் என்று ஓர் எரிமலைத் தீவு. ஆப்பிரிக்கக் கரை 1,500 கிலோமீட்டருக்கு மேல், பிரேசில் 2,200 கிலோமீட்டருக்கு மேல். அண்டை வீடு என்று சொன்னால் செயின்ட் ஹெலினா. அதுவே 1,300 கிலோமீட்டர் தள்ளி. மொத்தத் தீவும் 88 சதுர கிலோமீட்டர்தான். எங்கள் வட்டாரத்தில் நாலைந்து பெரிய கண்மாய்களையும் அவற்றின் ஆயக்கட்டையும் சேர்த்தால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

ஒரு படத்தில் கரும்பாறை, வெளிறிய மணல், மணலுக்குப் பின்னால் பச்சையாக ஒரு புதர். பெரிதாக்கிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு முள், கொத்தாகத் தொங்கும் மஞ்சள் நெற்று. இதை யாரும் எனக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. சீமைக்கருவையேதான்! அங்கே அதற்கு ‘மெக்சிகன் முள்’ என்று பெயராம். இராமநாதபுரத்தில் பிறந்து, குதிகாலில் மூன்று தழும்போடு திரிகிறவனுக்கு, உலகத்தின் அந்தக் கோடியிலும் இது முன்னால் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இது அங்கே எப்படிப் போனது? அவர்கள் என்ன செய்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பெரணி

தம்பி, நீங்கள் பார்த்தது சரி. அந்த முள் அங்கே போனது 1960-களில். பி.பி.சி. தன் ஒலிபரப்பு நிலையப் பணியாளர்களுக்காக ‘டூ போட்ஸ்’ என்ற குடியிருப்பைக் கட்டியபோது, சுற்றிலும் கொஞ்சம் பசுமை வேண்டும், மண்ணும் பிடிக்க வேண்டும் என்று கொண்டுவந்து நட்டார்கள். வறண்ட எரிமலைச் சாம்பலில் வேறெதுவும் தழைக்காதபோது இது தழைத்தது. தழைத்தபின் யாரையும் கேட்கவில்லை.

ஆனால் முள் அந்தத் தீவின் கிளைக்கதைதான். மூலக்கதை மலையுச்சியில் இருக்கிறது. நான் முப்பது வருடம் தாவரவியல் பாடம் எடுத்தவள், அதனால் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்கு மேலே தலைநீட்டி ஏறக்குறைய பத்து லட்சம் ஆண்டே ஆன இளம் தீவு அது. எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததில்லை. காற்றிலும் பறவைக் காலிலும் வந்து சேர்ந்த விதைகளும் விதைத்தூள்களும்தான் அதன் பூர்வீகத் தாவரங்கள். பெரணிகள், பாசிகள், சில புற்கள், நம் அம்மான் பச்சரிசியின் தூரத்து உறவான ஒரு சிறு செடி. மரம் என்று ஒன்றுகூடக் கிடையாது. 1836-ல் பீகிள் கப்பலில் வந்து இறங்கிய டார்வினும் மரமே இல்லாத தீவு என்றுதான் குறித்துவைத்தார்.

1843-ல் ஜோசப் ஹூக்கர் வந்தார். பின்னாளில் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்தவர். அப்போது அவருடைய தந்தை அந்தப் பொறுப்பில் இருந்தார். தீவில் ஒரு கடற்படைக் காவல் படை இருந்தது. செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனை யாரும் மீட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்று 1815-ல் வைத்தது. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. மலையுச்சியில் மரம் நட்டால் மேகத்தைப் பிடித்து ஈரமாக்கலாம், மண்ணும் சேரும் என்று ஹூக்கர் ஒரு திட்டம் கொடுத்தார். 1850 முதல் கப்பல் கப்பலாகச் செடிகள் வந்து இறங்கின. யூகலிப்டஸ், நார்ஃபோக் தீவு பைன், மூங்கில், வாழை, கொய்யா, இஞ்சி இனங்கள், தாழை. யாரும் வரிசைப்படி நடவில்லை. பிழைத்தது பிழைத்தது, பட்டது பட்டது.

859 மீட்டர் உயரமுள்ள அந்த ‘கிரீன் மவுண்டன்’ மேலே இன்றைக்கு ஒரு மேகக்காடு நிற்கிறது. உச்சியில் மூங்கில் சூழ்ந்த ஒரு சின்னக் குளமும் உண்டு. உலகத்தில் வேறெங்கும் ஒன்றாக வாழ்ந்திராத மரங்கள் சேர்ந்து, நூற்றைம்பது வருடத்துக்குள் உண்டாக்கிய காடு.

கேள்விக்குறி

அப்படியென்றால் இது வெற்றிக் கதை அல்லவா? ஒன்றுமில்லாத கரும்பாறையில் காடு வளர்த்துவிட்டார்கள். இயற்கை கோடி வருடத்தில் செய்கிறதை மனிதன் மூன்று தலைமுறையில் செய்திருக்கிறான். நாம் மியாவாக்கி (நெருக்கி நட்டு வளர்க்கும் குறுங்காடு) என்று சொல்லி நகராட்சி இடத்தில் பத்துச் சென்ட்டில் மரம் நட்டுப் படம் எடுத்துப் போடுகிறோம். அவர்கள் மலையையே நட்டிருக்கிறார்கள். இதில் பழைய இயற்கையை ‘மீட்பது’ என்று எதை மீட்கப் போகிறார்கள்?

பெரணி

கேட்க வேண்டிய கேள்விதான். பிரிட்டனில் டேவிட் வில்கின்சன் என்ற சூழலியலாளர் 2004-ல் ஏறக்குறைய இதே கேள்வியை எழுப்பினார். கோடிக்கணக்கான வருடம் ஒன்றையொன்று தெரிந்து வளர்ந்த உயிர்கள் சேர்ந்தால்தான் காடு என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தோம். இந்த மலை அந்தப் பாடத்துக்கு அடங்கவில்லை. அதற்குப் பிறகு இதைப் பற்றிச் சண்டை ஓய்ந்தபாடில்லை.

ஆனால் ‘ஒன்றுமில்லாத பாறை’ என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டார்வின் பார்த்த மொட்டைத் தீவு இயற்கை கொடுத்த தீவு அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசிய மாலுமிகள், பின்னால் வருகிற கப்பலுக்கு இறைச்சி ஆகட்டும் என்று ஆடுகளை இறக்கிவிட்டுப் போனார்கள். முந்நூறு வருடம் ஆடு மேய்ந்து முடித்த நிலத்தைத்தான் டார்வின் பார்த்தார். அதற்கு முன்பு என்னென்ன செடி இருந்து அழிந்தது என்பதை ஆட்டின் வயிற்றைத்தான் கேட்க வேண்டும்.

பறவையும் அப்படியே. 1656-ல் பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி, சூரத்தில் எல்லாம் வேலை பார்த்தவர், ஊர் திரும்பும் வழியில் இங்கே இறங்கினார். பறக்கத் தெரியாத ஒரு சிறு பறவையைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் படம் வரைந்தார். அதற்குப் பிறகு அதைப் பார்த்தவர்கள் வெகு சிலர். 20-ஆம் நூற்றாண்டில் எலும்பு கிடைத்தபோதுதான் அந்தப் படம் கற்பனை இல்லை என்று உறுதியானது. இப்போது அந்தப் பேரினத்துக்கே அவர் பெயர்: மண்டியா.

கேள்விக்குறி

ஆட்டின் வயிற்றைக் கேட்கிற பதில் பிடித்திருக்கிறது. இருந்தாலும் அம்மா, கட்டை விரல் அளவுப் பெரணிக்காக மலைக்காட்டைக் குறை சொல்வது எனக்குச் செரிக்கவில்லை.

பெரணி

கட்டை விரல் அளவுகூட இல்லை, அதைவிடச் சின்னது! கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் பாறையில் ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். அனோகிராமா அசென்ஷியோனிஸ். உலகத்தில் அந்த ஒரு மலையில் மட்டும் உள்ள பெரணி. 2003-ல் அழிந்துவிட்டதாகவே அறிவித்துவிட்டார்கள்.

2009-ல் அந்தத் தீவின் பாதுகாப்பு அலுவலர் ஸ்டெட்சன் ஸ்ட்ரவுடும், தாவரவியலாளர் ஃபில் லாம்டனும் மலையின் ஒரு செங்குத்துச் சரிவில் அதைக் கண்டார்கள். மொத்தம் நான்கே நான்கு செடி. காய்ந்து போகிற நிலை. கயிறு கட்டி இறங்கி, தண்ணீர் கொண்டுபோய், சொட்டுச் சொட்டாக விழும்படி ஓர் ஏற்பாடு செய்து அவற்றை உயிரோடு வைத்தார்கள். விதைத்தூள் முற்றியதும் அதை எடுத்துக் கிருமி நீக்கிய குப்பியில் அடைத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் லண்டன் கியூ பூங்காவில் சேர்த்துவிட்டார்கள். அங்கே ஆய்வகத்தில் முளைத்தது. இன்று நாற்றாகத் தீவுக்கே திரும்பிப் போயிருக்கிறது.

அந்தப் பெரணிக்கு இடத்தைப் பறித்தது யார் தெரியுமா? நாம் வீட்டுத் தொட்டியில் வளர்க்கிறோமே, கறுத்த மெல்லிய காம்பும் விசிறி இலையுமாக, அந்தப் பெரணி. அதையும் யாரோ கொண்டுபோய் வைத்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், என் கட்சிக்கே எதிராகப் போகும். பூர்வீகப் பெரணிகளில் வேறொன்று, ஒரு குட்டிப் பெரணி, இப்போது அந்நிய மரக்கிளைகளில் படர்ந்த பாசியின் மேல்தான் நன்றாக வளர்கிறது. ஹூக்கரின் மரத்தை வெட்டினால் அதுவும் போகும்.

பறவைப்பித்தன்

மலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்குவோமா? அசென்ஷன் என்றால் எனக்குக் கடற்பறவைதான்.

1815-ல் காவல் படை வந்தபோது எலியை ஒழிக்கப் பூனை கொண்டுவந்தார்கள். பூனை எலியை விட்டுவிட்டுப் பறவையைப் பிடித்தது. தரையில் முட்டையிட்டு, பயம் என்றால் என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பறவை; ஓடி அலைந்து எலி பிடிப்பதற்குப் பூனைக்கென்ன தலையெழுத்து? கொஞ்ச காலத்தில் பிரதான தீவில் பூபிகள், ஃபிரிகேட் பறவைகள் என்று கடற்பறவைகள் எல்லாம் துடைத்தெடுத்த மாதிரி போயின. கிழக்குக் கரைக்கு எதிரே போட்ஸ்வெய்ன்பேர்ட் என்றொரு செங்குத்துப் பாறைத்தீவு. பூனை ஏற முடியாத இடம். பறவைகள் எல்லாம் அதில் போய் ஒண்டிக்கொண்டன. அந்தப் பாறையும் பக்கத்துக் குன்றுகளும் இல்லாவிட்டால், உலகத்தில் அங்கே மட்டுமே முட்டையிடும் அசென்ஷன் ஃபிரிகேட் பறவையை இன்று அருங்காட்சியகத்தில் பஞ்சு அடைத்துத்தான் பார்த்திருப்போம்.

பிரதான தீவில் பெருங்கூட்டமாகத் தாக்குப்பிடித்தது கருமுதுகு ஆலா ஒன்றுதான். அதன் கூச்சலால் யாரும் தூங்க முடியாது என்று மாலுமிகள் அதற்கு ‘வைட் அவேக்’ என்று பெயர் வைத்தார்கள். 1942-ல் அமெரிக்கர்கள் கட்டிய விமானத் தளத்துக்கும் அதே பெயர். இந்த ஆலாவுக்கு நாள்காட்டி தெரியாது. ஆண்டுக்கு ஒரு முறை இல்லை, ஏறக்குறைய ஒன்பதரை மாதத்துக்கு ஒரு முறை லட்சக்கணக்கில் வந்து இறங்கும். போன தடவை மார்ச் என்றால் அடுத்தது டிசம்பர்.

2002-ல் பிரிட்டனின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பூனை ஒழிப்பைத் தொடங்கியது. விஷ இரையும் கூண்டுப் பொறியும். இரண்டு வருடத்துக்குள் காட்டுப்பூனையாக மாறியவை எல்லாம் தீர்ந்தன. 2006-ல் தீவு பூனையற்றது என்று அறிவித்தார்கள். பூபிகள் பாறையை விட்டு இறங்கிவந்து பிரதான தீவில் கூடு வைத்தன. முதல் மூன்று வருடத்திலேயே ஐந்து கடற்பறவை இனங்கள். ஃபிரிகேட் மட்டும் வரவில்லை. பிறந்த பாறையை விட்டு அசையாத பிடிவாதக்காரப் பறவை அது. 2012 டிசம்பரில் பிரதான தீவில் இரண்டு கூடு. சுமார் 180 வருடத்துக்குப் பிறகு! அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். வீட்டில் விசேஷம் என்றேன்.

பூனைவீடு

இனிப்பு கொடுத்தீர்களா? விஷம் வைத்துக் கொன்ற பூனைகளுக்கு யார் எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள்? பூனை நீந்தியா அங்கே போனது? கொண்டுபோனவன் மனிதன், பழி பூனைக்கு. என் வீட்டில் ஏழு பூனைகள் இருக்கின்றன, எல்லாம் தெருவில் கிடந்தவை. இந்த மாதிரிப் பதிவைப் படித்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

பறவைப்பித்தன்

அக்கா, உங்கள் கோபத்தை நான் தள்ளிவிடவில்லை. இன்னும் ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மேல். வீட்டுப் பூனை வளர்க்க அனுமதி இருந்தது. கருத்தடை செய்து அடையாளச் சில்லு வைத்திருந்தால் தொட மாட்டோம் என்றார்கள். ஆனால் விஷ இரைக்கு வீட்டுப் பூனை எது, காட்டுப் பூனை எது என்று தெரியவில்லை. வளர்ப்புப் பூனைகளிலும் 38 விழுக்காடு செத்துப்போயின. மக்கள் கொதித்துப் போனார்கள். ஒழிப்பை நடத்தியவர்களே பின்னால் எழுதிய ஆய்வறிக்கையில் இதை மறைக்காமல் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடுத்து இப்படிச் செய்பவர்கள் வளர்ப்புப் பூனைகளைக் காக்க முதலில் வழி பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

பூனைவீடு

நூற்றுக்கு முப்பத்தெட்டு. குழந்தைகள் பெயர் வைத்துக் கூப்பிட்ட பூனைகள். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி, ஆனால் அதற்காக மன்னிக்கப் போவதில்லை. சரி, பூனை போனால் எலி பெருகுமே, அதற்கு என்ன பதில்?

பறவைப்பித்தன்

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பூனை போனபின் வளர்ந்த ஆலாக்கள் சாவது குறைந்தது. ஆனால் ஆலாக் கூட்டம் எதிர்பார்த்தபடி உடனே பெருகவில்லை. எலி குஞ்சைத் தின்கிறது. எலி இன்றும் தீவில் இருக்கிறது. மருந்து வைத்துக் கட்டுப்படுத்துகிறார்கள், ஒழிக்க முடியவில்லை. முட்டையைக் குத்த மைனா வேறு.

கேள்விக்குறி

மைனாவா? நம் வீட்டு மாடியில் கத்துகிற மைனாவா?

பறவைப்பித்தன்

அதேதான். பயிர்ப்பூச்சியைத் தின்னட்டும் என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுபோய் விட்டார்கள். எலிக்குப் பூனை, பூச்சிக்கு மைனா, மொட்டைத் தரைக்கு மெக்சிகன் முள். ஒரு தப்பைச் சரிசெய்ய இன்னொன்றைக் கப்பலில் ஏற்றுவது அந்தத் தீவின் பரம்பரைப் பழக்கம்.

பங்குனி ஆமை

முகவைக்காரன் அண்ணா, ஆமைப் பக்கத்தை நான் எழுதுகிறேன். சென்னைக் கடற்கரையில் ஐந்து வருடமாக இரவு நடை போகிறேன். நமக்கு வருவது பங்குனி ஆமை, நாற்பது கிலோ இருந்தால் அதிகம். அசென்ஷனுக்கு வருவது பேராமை. உலகத்திலேயே மிகப் பெரிய உடல் கொண்ட பேராமைகளில் அவையும் அடக்கம். பிரேசில் கரையில் கடற்புல் மேய்ந்துவிட்டு இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் நீந்தி வருகின்றன. தீவைச் சுற்றி மேய்ச்சலே கிடையாது. வந்து, இணைந்து, பலமுறை முட்டையிட்டு, திரும்பி நீந்துகிற வரை மாதக்கணக்கில் பட்டினி.

இவற்றையும் விட்டுவைக்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் முட்டையிட ஏறிவந்த ஆமையைப் புரட்டிப் போட்டு, தீவின் ஜார்ஜ்டவுன் குடியிருப்பில் கடல்நீர்த் தொட்டியில் அடைத்துவைத்து, வருகிற கப்பலுக்கெல்லாம் உயிரோடு விற்றார்கள். அந்தத் தொட்டிகள் இன்றும் நிற்கின்றன. 1930-களில் அந்த வியாபாரம் நின்றது. 1977-ல் எண்ணியதையும் 2013 வரை எண்ணியதையும் ஒப்பிட்டால் கூடுகள் ஆறு மடங்கு ஆகியிருக்கின்றன. ஆண்டுக்குச் சராசரியாக 24,000 கூடு. ‘விட்டுவிட்டால் போதும்’ என்கிற ஒரே வைத்தியம் பலித்த இடம் இது. ஓர் ஆமை கன்றாக இருந்து முட்டையிடும் பருவத்துக்கு வரப் பல பத்தாண்டு ஆகும் என்பதால் அந்த வைத்தியம் பலித்ததைப் பார்க்க ஒரு மனித ஆயுள் காத்திருக்க வேண்டியிருந்தது.

முள் எங்கே வருகிறது என்றால், மணலுக்கு வருகிறது. ஆமை பின்கால் இரண்டையும் கரண்டி மாதிரி மாற்றி மாற்றி விட்டு மணலை அள்ளும். பக்கத்தில் மூச்சை அடக்கிப் படுத்திருந்து பார்த்திருக்கிறேன். கண் பார்க்காது, கால்தான் பார்க்கும். ஒரு வேர் தட்டினால் நிறுத்தும். கொஞ்சம் யோசிக்கும். இன்னொரு முறை கீறிப் பார்க்கும். பிறகு குழியை அப்படியே விட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு நகரும். நம் கரையில் அடப்பங்கொடி வேரிலேயே அது நடக்கும். ஆலாக்கள் கூடும் வெட்டவெளியையும் ஆமை மணலையும் சீமைக்கருவை மூடினால் அங்கே என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

முகவைக்காரன்

தங்கச்சி, நீங்கள் எழுதிய அந்தப் ‘பெருமூச்சு’ மனதில் நிற்கிறது.

முள் எப்படிப் பரவுகிறது என்று அங்கே சொல்கிறார்களோ, அது எங்கள் ஊர்க் கதையேதான். அங்கே தண்ணீர் சுமக்கக் கொண்டுவந்த கழுதைகள் வேலை போனபின் காட்டில் திரிகின்றன. நெற்றைத் தின்கின்றன. தின்றது விட்டையில் வெளியே வருகிறது, எருவும் ஈரமுமாக. எங்களிடம் அதைச் செய்வது ஆடு. கோடையில் நெற்று இனிக்கும். நாங்களே சின்ன வயதில் சப்பியிருக்கிறோம். அதைத் தின்ற ஆட்டைத் தரிசில் கிடை போட்டால் அடுத்த மழைக்குப் புழுக்கை விழுந்த இடமெல்லாம் இரண்டு இலை முளைத்து நிற்கும். கிடைக்குக் காசும் கொடுத்து, முள்ளும் வாங்கிய கதை.

வெட்டுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தரைக்கு மேலே வெட்டினால் அது செத்துவிட்டதாக நினைக்கிறவர் வெளியூர்க்காரர். ஒன்றை வெட்டினால் ஒன்பது துளிர்க்கும். தூரைத் தோண்டி எடுத்தாலும் மண்ணில் கிடக்கிற விதை பல வருடம் காத்திருக்கும். அசென்ஷனில் கழுதையை நிறுத்தாமல் மரத்தை மட்டும் வெட்டினால் வீண் வேலை.

ஆனால் நான் இந்த மரத்தை முழுசாகத் திட்ட மாட்டேன். என் அப்பா கரிமூட்டம் போட்டுத்தான் எங்களைப் படிக்கவைத்தார். விறகை வட்டமாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண் பூசி, உச்சியில் தீ வைப்பார். வெள்ளைப் புகை வருகிறவரை அவருக்குத் தூக்கம் கிடையாது. புகை நீலமாக மாறினால்தான் கரி ஆகிவிட்டது என்று கணக்கு. காற்றுப் புகுந்து ஒரு பக்கம் உள்வாங்கினால் நடுராத்திரியில் ஓடிப்போய் மண் அப்ப வேண்டும். இந்த முள் இல்லாத வருடம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. அசென்ஷனில் இதை நம்பி யாரும் பிழைக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நெறியாளர்

சீமைக்கருவையை அகற்றச் சொல்லி 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பிறப்பித்த உத்தரவு, யார் ஏலம் எடுத்தார், எந்தக் கட்சி என்று மூன்று பதிவுகள் வந்தன. நீக்கியிருக்கிறேன். அதற்கெனத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் ஆசைதீர அடித்துக்கொள்ளுங்கள்.

கப்பல்காரன்

இந்தத் தளத்தில் அந்தத் தீவைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. இறங்கிப் பார்க்கவில்லை, அதற்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பிரேசிலில் ரெசிஃபேயிலிருந்து அங்கோலாவுக்குப் போகும்போது விடியலில் வடபக்கமாகக் கடந்தோம். முதலில் தெரிந்தது தீவு இல்லை, மேகம். சுத்தமான வானத்தில் ஒரே இடத்தில் அசையாமல் ஒரு வெள்ளைக் குல்லா. அரை மணி கழித்து அதன் கீழே துருப்பிடித்த நிறத்தில் சாம்பல் மேடுகள். குல்லாவுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு கரும்பச்சைப் பட்டை, பார்க்கப் பொருத்தமே இல்லாமல். ஏதோ செவ்வாய்க் கிரகத்தின் மேல் கொடைக்கானலை வைத்த மாதிரி. அது நட்டு வளர்த்தது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

பறவையும் நினைவிருக்கிறது. நீளமான கறுப்பு, முட்கரண்டி வால். கப்பல் கலைத்த பறக்கும்மீனைப் பூபி பிடித்துக்கொண்டு போக, அது பின்னாலேயே துரத்தி வாலைக் கவ்வி உலுக்கிக் கக்க வைத்துவிட்டுத் தின்றது. அதுதான் அந்த ஃபிரிகேட்டா?

பறவைப்பித்தன்

அதுவேதான், கப்பல்காரரே! வயிறு எரிகிறது எனக்கு.

கேள்விக்குறி

சரி, இப்போது அம்மாவிடம் கடைசியாக ஒன்று. நாளைக்கே உங்களை அந்தத் தீவுக்கு அதிகாரியாகப் போட்டால், ஹூக்கரின் காட்டை வெட்டுவீர்களா, மாட்டீர்களா? நழுவாமல் சொல்லுங்கள்.

பெரணி

வெட்ட மாட்டேன். முழுசாக வெட்ட மாட்டேன்.

அங்கிருப்பவர்களும் வெட்டவில்லை. 2005-ல் அந்த மலையைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். ஆக்கியபோது அந்நியக் காட்டையும் சேர்த்தே உள்ளே வைத்தார்கள். செய்கிற வேலை சின்னச் சின்னதாக இருக்கிறது. ஒரு சரிவு, ஒரு மேடு என்று தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் களையை எடுத்து, நாற்றங்காலில் வளர்த்த பூர்வீகப் பெரணியையும் செடியையும் வைத்து, முயலும் செம்மறியும் கடிக்காமல் பாதுகாத்து, வாரம் தவறாமல் போய்ப் பார்க்கிறார்கள். கையை எடுத்தால் ஆறு மாதத்தில் இஞ்சியும் கொய்யாவும் மறுபடி மூடிவிடும். கடலில் மட்டும் பெரிதாகச் செய்தார்கள்: 2019-ல் தீவைச் சுற்றி 4,40,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் வணிக மீன்பிடிப்பு கூடாது என்று மூடிவிட்டார்கள். கடலில் யாரும் மூங்கில் நட்டிருக்கவில்லை, அதனால் சுலபம்.

மலையில் நான் எதை வெட்டுவேன், எதை விடுவேன் என்றால், அந்தக் குட்டிப் பெரணி உட்கார்ந்திருக்கும் மரத்தைத் தொட மாட்டேன். அனோகிராமாவின் பாறைக்குப் பக்கத்தில் தொட்டிப் பெரணி ஒன்றுகூட விட மாட்டேன். ஒரே மலையில் இரண்டு நியாயம். இதைக் கொள்கை என்று எழுதிக் கொடுத்தால் எந்த அலுவலகமும் கையெழுத்துப் போடாது.

கீழே முள்ளைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. ஆமை மணலிலும் ஆலா வெளியிலும் நிற்பதைத் தூரோடு எடுப்பேன்.

பூனைவீடு

அம்மாவின் பதில் பிடித்திருக்கிறது. கழுதையைக் கொல்ல வேண்டும் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள்.

முகவைக்காரன்

அம்மா, ஒரு சந்தேகம். 1990-களின் பிற்பகுதியில் அந்தத் தீவில் முள்ளைக் கட்டுப்படுத்த, நெற்றைத் துளைத்து விதையைத் தின்கிற வண்டையும் சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் கொண்டுபோய் விட்டார்களாமே? பறவைப்பித்தன் சொன்ன பரம்பரைப் பழக்கத்தில் அதுவும் சேருமா?

பெரணி

சேரும், ஒரு வித்தியாசத்தோடு. மைனாவையும் பூனையையும் விட்டவர்கள் அது வேறு எதைத் தின்னும் என்று பார்க்கவில்லை. இந்தப் பூச்சிகள் முள்ளையும் அதன் நெருங்கிய இனத்தையும் தவிர வேறு எதையும் தொடாது என்று சோதித்துவிட்டு விட்டார்கள். மரத்தைப் பலவீனமாக்கியது, விதையைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. விதையை வண்டு தின்பதற்கு முன்னால் கழுதை தின்றுவிட்டால் வண்டு என்ன செய்யும்? விட்டைக்குள் போய் அது தேடாது.

முகவைக்காரன்

இதைப் படித்துவிட்டு இன்று காலை கண்மாய்க் கரைக்குப் போனேன். எங்கள் நெற்றிலும் பொடித் துளை பார்த்த ஞாபகம். கீழே கிடந்ததில் நாற்பது பொறுக்கித் துண்டில் பரப்பி, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். இருபத்தொன்று வரை எண்ணினேன். எட்டில் துளை இருந்தது. உள்ளே விதை இருந்த இடத்தில் மாவு மாதிரி தூசி, ஒன்றில் மிளகுக் கால்வாசிகூட இல்லாத ஒரு பழுப்பு வண்டு. அதைப் படம் எடுக்கப் போனைத் தூக்கிக் கொஞ்சம் தள்ளி வெளிச்சத்துக்குப் போனேன். திரும்பிப் பார்த்தால் மீதிப் பத்தொன்பதையும் பக்கத்து வீட்டு வெள்ளாடு முடித்துவிட்டுத் துண்டின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது.